கதவு ஒலிபெருக்கியின் பழுதும் பரிகாரமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க நூலொன்றின் நயம் பற்றிய கட்டுரையாகவே இருந்திருக்கும். அதனை எழுத வல்லார் இம்மலரிலே பலர் உளர். நானோ சென்ற ஆண்டு ஒரு பழைய மோட்டார் வண்டியின் கதவோடு மல்லாடிக் கற்றுக்கொண்ட பாடத்தையே எழுதத் துணிந்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது சிறிது கைப்பணத்தையேனும் மிச்சப்படுத்துமென எண்ணுகின்றேன்.

புதுக்கடையில் வாழ்பவனுக்கு வண்டி பழுதானால் உறுப்புத் தேடி நெடுந்தூரம் அலையவேண்டியதில்லை. 1656 ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் என்பாரின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என வழங்கும் இவ்விடத்தில், நீதிமன்றங்களைச் சூழச் சட்டத்தரணிகளின் புது வண்டிகள் நிற்கும். அவற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றாற் பஞ்சிகாவத்தை. அங்கே பழைய வண்டிகளின் கதவு, கண்ணாடி, விளக்கு, வானொலிப்பெட்டி எல்லாம் தனித்தனியே தொங்கும். வண்டி இறக்குமதி 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டும் இந்நாட்டுப் பழைய வண்டிகள் ஓடியமைக்குப் பஞ்சிகாவத்தையும் ஒரு காரணமாகும்.

என்னுடையது 1998 ஆம் ஆண்டு செய்யப்பட்ட நிசான் மார்ச். 1992 இல் யப்பானில் வெளிவந்த இவ்வகைச் சிறு வண்டி, ஐரோப்பாவிலே மைக்ரா என்னும் பெயரோடு விற்கப்பட்டு, 1993 ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியக் கார் என்னும் விருதையும் பெற்றது. யப்பானிய வண்டியொன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. இப்பெருமையெல்லாம் அதன் எந்திரத்துக்கும் உடலுக்கும் உரியவை. கதவினுள் இருக்கும் ஒலிபெருக்கியைப்பற்றி விருது கொடுத்தவர் நினைத்திருக்க மாட்டார்.

என் தந்தையார் எண்பதைக் கடந்தவர். வலக்காது முற்றாகக் கேளாது. வண்டியின் முன்னாசனத்தில் எனக்கு இடப்பக்கமாக அமர்வார். ஆகவே அவருடைய கேட்குங் காது இடக்கதவை ஒட்டியிருக்கும். வெள்ளவத்தைக்கு மருந்து எடுக்கப் போகும் நாட்களில் வானொலியின் தமிழ்ச் செய்தியைக் கேட்டு, காலி வீதி நெடுகிலும் அதனைப்பற்றி என்னோடு வாதாடுவது அவர் வழக்கம். ஒரு கட்டத்தில் அவ்வாதம் நின்றது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்; அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். முதுமையால் உலக நடப்பில் அவருக்கு நாட்டங் குறைந்துவிட்டதென்று நானும் மனைவியும் எண்ணி உள்ளூர வருந்தினோம்.

ஒருநாள் என் மைத்துனர் வண்டியை ஓட்ட, நான் தந்தையாரின் ஆசனத்தில் அமர்ந்தேன். அன்றுதான் உண்மை தெரிந்தது. இடக்கதவின் ஒலிபெருக்கி வாயடைத்துக் கிடந்தது. வலக்கதவில் உள்ளது என் காதருகே முழங்கியமையால் மாதக்கணக்காக எனக்கு அக்குறை புலப்படவில்லை. தந்தையாருக்கோ அவ்வளவு காலமும் வானொலியே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உனக்கேன் தம்பி வீண் செலவு” என்றார்.

அந்தச் சொல் தைத்த வேகத்தில் மறுநாளே கடைக்குப் போய்ப் புதிய ஒலிபெருக்கிச் சோடியொன்றை வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவிட்டு இடக்கதவில் ஒன்றைப் பொருத்தினேன். வானொலியைத் திருப்பினேன். பழைய ஊமையின் இடத்திற் புதிய ஊமை இருந்தது. மறுவாரம் வீட்டு வாசலில் தந்தையார் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தார். உடனே கதவு பாடத் தொடங்கிற்று. “தம்பி, றேடியோ பாடுது!” என்றார். கதவை மூடினார்; நின்றது. திறந்தார், பாடிற்று. பழுது ஒலிபெருக்கியில் இல்லை, கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே செல்லும் வயரிலேயே இருந்தது.

நிற்க. கருவியின் இயல்பை முதலில் அறிந்தாற் பழுது காண்பது எளிதாகும். ஒலிபெருக்கி என்னும் பெயர் இதற்குச் சாலப் பொருந்துவதன்று. ஒலியைப் பெருக்குவது இக்கருவியன்று. வானொலிப்பெட்டியினுள்ளே இருந்து நலிந்த மின்குறியை வலிதாக்கும் விரியலாக்கியே அத்தொழிலைச் செய்வது. இது செய்வது மின்னை அசைவாக்கி, அசைவை ஒலியாக்குதல் மாத்திரமே. ஆயினும் பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது. பஞ்சிகாவத்தையிலோ ஸ்பீக்கர் என்றாலன்றி எவரும் எடுத்துத் தாரார்.

இதன் பின்புறத்தில் வளைய வடிவான நிலைக்காந்தம் ஒன்று உண்டு. வளையத்தின் நடுவே ஓர் இரும்புத் தண்டு. இரண்டுக்கும் இடையில் மிக ஒடுங்கிய வட்ட இடைவெளி. அவ்விடைவெளியில், எப்பக்கமும் முட்டாதவாறு, மெல்லிய செப்புக் கம்பிச் சுருளொன்று நிற்கும். சுருளோடு ஒட்டப்பட்டது காகிதத்தாலோ பிளாத்திக்காலோ ஆன கூம்பு. கூம்பின் அகன்ற வாயை இரும்புச் சட்டகத்தோடு பிணைப்பது நெகிழுந் தன்மையுள்ள ஒரு விளிம்பு. வானொலிப்பெட்டி அனுப்பும் மின்னோட்டம் திசைமாறுந்தோறும் சுருள் காந்தத்தினுள் முன்னும் பின்னும் ஓடும். கூம்பும் உடன் ஓடிக் காற்றை அசைக்கும். இவ்வமைப்பை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவர் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர். அவர்கள் அதனை வெளியிட்ட ஆண்டு 1925. கொழும்பு வானொலி முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டதும் அதே ஆண்டு திசெம்பர் 16 ஆம் நாள் என்பது ஒரு சுவையான பொருத்தம். நூறாண்டு கழிந்தும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

எழுத்தொலி இதழிற் பிறப்பதன்று, உந்தியினின்று எழுங் காற்று பல இடங்களைக் கடந்து வெளிப்படுவதே என்பது தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறும் செய்தி. வண்டியின் ஒலியும் அத்தகையதே. அதன் உந்தி வானொலிப்பெட்டி, மிடறு வயர், இதழ் கூம்பு. குரல் அடைத்தபோது இதழைமட்டும் நோவது பேதைமை. நான் செய்தது அதுவே. ஆதலின், ஒரு பக்கம் ஒலி இல்லாவிடத்துக் காசு செலவில்லாத சோதனைகளை முதலிலும், கருவி வேண்டுவனவற்றைப் பின்னரும் செய்க.

முதலில், வானொலியில் இட வல ஒலியைச் சமன்செய்யும் அமைப்பு நடுவில் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். சிறுவர் ஏறிய வண்டியில் இது எளிதில் மாறியிருக்கும். அடுத்து, வானொலி பாடிக்கொண்டிருக்கையிற் கதவை மெல்லத் திறந்து மூடுக. ஒலி விட்டு விட்டு வந்தால் வயரே குற்றவாளி. வாராவிடின் பெட்டியை வெளியே இழுத்து, இடப்பக்கத்து வயரையும் வலப்பக்கத்து வயரையும் தம்முள் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். மௌனம் மறுபக்கத்துக்குத் தாவினாற் பழுது பெட்டியில். இருந்த இடத்திலேயே இருந்தால் வயரிலோ ஒலிபெருக்கியிலோ. பின்னாளிற் கடையில் வாங்கிப் பொருத்தப்பட்ட பெட்டிகளிற் பெரும்பாலும் வெள்ளை வயர் முன் இடத்துக்கும், சாம்பல் முன் வலத்துக்கும், பச்சை பின் இடத்துக்கும், ஊதா பின் வலத்துக்கும் உரியன. கறுப்புக் கோடு உள்ளது மறைமுனை. வண்டியோடு வந்த பழைய பெட்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது.

ஒலிபெருக்கி உயிரோடிருக்கின்றதா என அறியச் சுவர்க் கடிகாரத்துக்கு இடும் 1.5 வோல்ற்று மின்கலம் ஒன்று போதும். ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளிலும் மின்கலத்தை ஒரு கணம் தொடுக. “டொக்” என்ற ஒலியோடு கூம்பு அசைந்தாற் சுருள் நலமே. பல்மானி வைத்திருப்போர் தடையை அளக்கலாம். 4 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி மூன்றுக்கும் நாலுக்கும் இடையிற் காட்டும். முள் அசையாவிட்டாற் சுருளோ அதற்குச் செல்லும் பின்னற் கம்பியோ அறுந்தது. நான் கழற்றி எறிய இருந்த பழைய ஒலிபெருக்கியை இவ்வாறு தொட்டுப் பார்த்தபோது அது “டொக்” என்றது. அன்று எனக்கு வந்த வெட்கம் சொல்லுந்தரமன்று.

வயர் ஏன் அறுகின்றது? கதவுப் பிணைச்சலின் அருகே, கதவுக்கும் உடலுக்கும் இடையில், சுருக்கங்கள் உள்ள கறுத்த இறப்பர்க் குழாய் ஒன்றைக் காணலாம். கதவுக்குரிய வயர்களெல்லாம் அதனூடே செல்வன. கதவு திறந்து மூடுந்தோறும் அவை மடிந்து நிமிரும். நாளொன்றுக்குப் பத்து முறை எனக் கொண்டால் இருபத்தைந்து ஆண்டுகளிலே தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட மடிப்பு. செம்பு களைத்து அறும்; மேலுறையோ முழுமையாக இருக்கும். ஆகவே கண்ணாற் பார்த்தால் நல்ல வயர், உள்ளே முறிவு. கதவு திறந்தபோது இழுபட்ட முனைகள் தற்செயலாய்ப் பொருந்தியமையாலேயே என் வண்டி பாடியது. எல்லா வண்டியிலும் திறந்தபோதே பாடும் என்பதில்லை. மூடியபோது பாடுவனவும் உண்டு.

இதனைத் திருத்துகையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அறுந்த இடத்திலேயே முறுக்கி ஈயம் பற்றவைத்தால், அவ்விடம் விறைத்துச் சில மாதங்களில் அதன் ஓரத்தில் மறுபடியும் முறியும். இறப்பர்க் குழாயை இரு புறமும் கழற்றி, மடியும் பகுதி முழுவதையும் வெட்டி நீக்கி, பல மெல்லிய இழைகளால் ஆன புதிய வயரைச் சிறிது தளர்வாக இடுக. பற்றவைக்கும் மூட்டு ஒன்று கதவினுள்ளும் மற்றது வண்டியின் உடலினுள்ளும் அமைதல் வேண்டும். மடியும் இடத்தில் மூட்டே கூடாது. மூட்டின்மேல் வெப்பத்தாற் சுருங்கும் உறைக்குழாயை இடுக. கறுத்த மின் ஒட்டுநாடா நம் வெக்கைக்குப் பசை உருகி வழுக்கும். வயரின் வெற்றுமுனை வண்டியின் இரும்பிற் படலாகாது. இக்காலப் பெட்டிகளில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் விரியலாக்கியோடு தொடர்புடையன; ஒன்று இரும்பைத் தொட்டாலும் பெட்டியே பழுதாகக்கூடும். மறைமுனையை வண்டியின் உடலோடு பிணைத்த மிகப் பழைய முறையை நினைவில் வைத்து வேலை செய்யும் முதியோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வயரைத் திருத்தியபின் புதிய ஒலிபெருக்கி பேசிற்று. ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. கதவின் உட்பலகைக்கு வேண்டிய கிளிப்புகளை வாங்கப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றபோது, அங்கிருந்த முதிய பாஸ் ஒருவர் நான் கொண்டுபோன பழைய ஒலிபெருக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், உள்ளே பொலித்தீன் இருக்குதா?” என்று கேட்டார். இருக்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்குமுன் கதவுப் பூட்டைத் திருத்திய எவரோ அதனைக் கிழித்து எறிந்திருக்கின்றார்.

மோட்டார் வண்டியின் கதவு மழைநீர் புகாதது என்று நம்மிற் பலர் நினைக்கின்றோம். அது தவறு. கண்ணாடி இறங்கும் பிளவின் வழியே நீர் உள்ளே போகும். போகுமென்று தெரிந்தே கதவைச் செய்தவர் அதன் அடியில் வடிகால் துளைகள் இட்டிருக்கின்றார். ஆகக் கதவின் உட்புறம் ஒரு தாழ்வாரம் போன்றது. அந்நீர் உட்பலகைக்கும் ஆசனப் பக்கத்துக்கும் வாராமல் தடுப்பது, கதவின் இரும்பில் கறுத்த பிசினால் ஒட்டப்பட்ட பொலித்தீன் தாளே. அது போனபின் நீர் உட்பலகையை ஊறவைத்து, ஒலிபெருக்கியின் விளிம்பிலும் முகத்திலும் படிகின்றது. நம் ஊர்களிற் பறையின் தோல் ஈரத்தால் தளர்ந்தால் தீயிற் காய்ச்சி முறுக்கேற்றுவர். காகிதக் கூம்புக்கு அப்பரிகாரம் இல்லை. என் பழைய ஒலிபெருக்கியின் கீழ்ப்பாதி இளகி, விளிம்பு கூம்பை விட்டு விலகியிருந்தது. சுருள் உயிரோடிருந்தும் அது மிருதங்கத்தின் தொப்பியொலியைக் கரகரப்பாகவே தந்திருக்கும். ஆகவே புதியது வாங்கியது முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன். தாளை இடாமற் புதியதைப் பொருத்தியதே பெருந்தவறு. இரண்டு மழைக்காலத்தில் அதுவும் அந்நிலையை அடைந்திருக்கும்.

தாள் பெரிய செலவன்று. தடித்த பொலித்தீனை உட்பலகையின் அளவுக்கு வெட்டி, கைபிடிக்கும் வயருக்கும் மாத்திரம் துளையிட்டு, கீழோரம் கதவின் இரும்புப் பிளவினுள்ளே செல்லுமாறு ஒட்டுக. கீழோரம் வெளியே நின்றால் வழியும் நீர் உங்கள் மிதியடிக்கு வரும். வடிகால் துளைகளை ஈர்க்கொன்றாற் குத்திச் சேற்றை அகற்றுக. அவை அடைபட்டால் நீர் தேங்கிக் கதவின் அடியே துருப்பிடிக்கும், அதன் செலவோடு ஒப்பிடுகையில் ஒலிபெருக்கியின் விலை ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியின் முதுகுக்குமேல், கூரைபோலப் பிளாத்திக்குத் துண்டொன்று பொருத்துவதும் நலம்.

உட்பலகையைக் கழற்றுவதற்கு வலிமையைவிடப் பொறுமையே வேண்டும். பற்றரியின் மறைமுனையை முதலிற் கழற்றிவிடுக. கதவை இழுக்கும் பிடியின் பின்னே ஒளிந்திருக்கும் திருகாணிகளைத் தேடுக. கண்ணாடியைச் சுழற்றும் கைபிடியை நெம்பி உடைப்போர் பலர். அதன் அடியில் குதிரை லாடம்போன்ற கம்பி வளையம் ஒன்று அதனைப் பிடித்திருக்கின்றது. சப்பாத்துத் துடைப்பதுபோல ஒரு துணித்துண்டைக் கைபிடிக்கும் பலகைக்கும் இடையே செலுத்தி இருபுறமும் இழுத்தால் அவ்வளையம் துள்ளி வெளியே வரும். எங்கே விழுகின்றதென்று கண் வைத்திருத்தல் அவசியம். நான் அதனைத் தேடி அரைமணி நேரம் முழந்தாளில் நின்றேன். பின்பு பலகையை ஓரத்திற் கிளிப்புக்குக் கிளிப்பு தளர்த்தி எடுக்கலாம். பழைய கிளிப்புகளிற் சில உடையவே செய்யும். முன்கூட்டியே பத்து வாங்கி வைத்தல் நன்று.

புதிய ஒலிபெருக்கி வாங்குமுன் துளையின் விட்டத்தையும், அதனினும் முக்கியமாக ஆழத்தையும் அளந்துகொள்க. கண்ணாடியை முற்றாக இறக்கிவைத்து அளத்தல் வேண்டும். ஏற்றிவைத்து அளந்தவர், முதல் முறை கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் அது முட்டும் ஓசையைக் கேட்பார். துளை பெரிதாயின் இடையில் வளையம் ஒன்று வேண்டும். அழுத்திய தூளாலான பலகை ஈரத்திற் பொருமும். பிளாத்திக்கு வளையமே இக்கதவுக்கு ஏற்றது. கூம்பு பிளாத்திக்காகவும் விளிம்பு இறப்பராகவும் இருப்பதைத் தெரிக. பஞ்சுபோன்ற நுரை விளிம்பு ஈரவெப்பத்திற் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

பெட்டியின்மேல் 300 வாற்று, 500 வாற்று என அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கற்க. எந்திரம் ஓடுகையிற் பற்றரியின் அழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சாதாரண வானொலிப்பெட்டி கொடுக்கக்கூடிய வலுவை இதிலிருந்து கணக்கிட்டால் 26 வாற்றுக்கு மேற்போகாது. நடைமுறையில் இருபதுக்கும் குறைவே. எஞ்சியதெல்லாம் அச்சுக்கூடத்தின் வலு. ஒரே வயரிலிருந்து இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைப்பதையும் தவிர்க்க. தடை 2 ஓமாகக் குறைந்து பெட்டி சூடேறும்.

நேர்முனையும் மறைமுனையும் மாறினால் ஒலிபெருக்கி கெடாது. ஆனால் ஒரு கதவிற் சரியாகவும் மறுகதவில் மாறியும் இருந்தால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழிக்க, பாட்டு வெறுங்கூடாகக் கேட்கும். மின்கலத்தால் தொடும்போது இரண்டு கூம்பும் ஒரே திசையில் அசையுமாறு முனைகளைக் குறித்துக்கொண்டாற் போதும். கரகரப்புக் கேட்டால், பாடும்போதே உட்பலகையைக் கையால் அழுத்திப் பார்க்க. கரகரப்பு நின்றால் அது பலகையின் அதிர்வு. நிற்காவிடின், கூம்பை இரு பெருவிரல்களாலும் சமனாக மெல்ல அழுத்துக. உரசல் தெரிந்தாற் சுருள் காந்தத்தில் முட்டுகின்றது, அதற்கு மருந்தில்லை.

யப்பானிலிருந்து வந்த வண்டியில், ஒலிபெருக்கி நலமாக இருந்தும் நம் நாட்டு நிலையங்கள் பல கேட்பதில்லை என்று முறையிடுவோர் உளர். அந்நாட்டு எப்.எம். வரிசை 76 மெகாஹேட்சில் தொடங்குவது. பழைய பெட்டிகள் 90 வரையே செல்லும். நம்முடையது 87.5 முதல் 108 வரை. வான்கம்பியின் வழியில் இடும் சிறிய அலைவரிசை மாற்றி ஒன்றால் இக்குறை தீரும். பெட்டியை மாற்றினும் ஆம்.

இப்பொழுது தந்தையார் மறுபடியும் செய்தியோடு சண்டைக்குப் போகின்றார். பம்பலப்பிட்டியில் தொடங்கும் வழக்கு வெள்ளவத்தை மருந்துக்கடை வாசலில்தான் ஒத்திவைக்கப்படுகின்றது. சோடியின் மற்ற ஒலிபெருக்கி இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றது. வலக்கதவின் உட்பலகையை நான் இதுவரை கழற்றவில்லை. அங்கே தாள் இருக்கின்றதோ இல்லையோ, தடித்த பொலித்தீன் இரண்டு யார் வாங்கி வைத்துள்ளேன். பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவ்வேலை.